வராதிருக்க வைத்த தாம்பூலம்

ஆலத்தை உண்டும் அதனை மிடற்றளவில் நிறுத்திய அண்ணலே! வைகாசித் திங்களின் குறிப்புகளை உன் திருவடி நினைந்து தொடங்குகிறேன். அடியேனுக்கு அகவை எழுபத்தாறு. நீறும் பதிகமும் தவிர வேறு துணை நாடியதில்லை. ஆயினும் சினம் என்னும் நஞ்சு இன்னும் என்னுள் ஊறுகிறது. உனக்கு மிடற்றில் நின்றது எனக்கும் மிடற்றிலேயே நிற்கட்டும், நாவுக்கு ஏறாதிருக்கட்டும்.

வைகாசி 3, சனி

அந்த வேண்டுதல் மாலைக்குள் பொய்த்தது.

காலையில் மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை. எரிவாயு உருளை வந்தது. மாலையில் என் வீட்டுக் கூடம் சந்தைக்கடையாயிற்று. கரூர் நகருக்கென்று ஒரு கூடைப்பந்து அணி, அமராவதி வேங்கைகள் என்று பெயர். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. என் மகன் ஞானவேல் அதன் ரசிகர் மன்றத்தில் பொருளாளராம். மன்றத் தலைவன் மருதாசலம் பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைக்காரன். பத்துப் பேரோடு வந்து தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்துகொண்டான். எல்லோர் உடம்பிலும் காவிநிறப் பனியன். துறவியர் கூட்டமோ என்று ஐயுறும்படி ஒரு கோலம். வாயைத் திறந்தால் வேறு.

ஆட்டம் தூத்துக்குடியில். பாதி ஆட்டத்தில் நம்மவர் பத்தொன்பது புள்ளி பின்தங்கினர். சபரிநாதன் என்னும் நம் ஊர் இளைஞன் இடக்கையால் பந்தைக் கொண்டுசெல்ல அஞ்சுகிறான். எதிரிகள் அதை அறிந்து வலப்பக்கத்தை அடைத்துவிட்டார்கள். (எனக்கு இவ்விளையாட்டில் நாட்டமில்லை. கண்ணில் பட்டதைக் குறிக்கிறேன்.) விளக்கேற்றும் நேரமாயிற்று, எழுந்து பூசையறைக்குச் சென்றேன். பதிகத்தின் நடுவே கூடத்தில் பேரொலி. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை. நான் வெளியே வருகையில் வேங்கைகள் ஒரு புள்ளியில் வென்றிருந்தார்கள். ஒருவன் மற்றவன் தோளில் ஏறி நிற்க, மின்விசிறி அவன் தலையைக் கொய்யாமல் விட்டது இறையருள்.

மருதாசலம் என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, நீங்க எந்திரிச்சுப் போனதுதானுங்க காரணம்! நீங்க உக்காந்திருந்த வரைக்கும் ஒரு பந்து உள்ள போகலீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்.

வைகாசி 5, திங்கள்

பெயர்த்தி தாரணியின் நிச்சயதாம்பூலம் வரும் பதினெட்டாம் நாள், ஞாயிறு காலை, நம் வீட்டிலேயே. நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாரணி என் மகள் மங்கையர்க்கரசியின் ஒரே பெண். மருமகன் காலமாகும்போது தாரணி இரண்டாம் வகுப்பு. அன்றுமுதல் தாயும் மகளும் இவ்வீட்டில்தான். மங்கை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் துணிகளைச் சரிபார்க்கும் வேலை செய்து பெண்ணைப் பொறியாளராக்கியிருக்கிறாள்.

இன்று முறைகளை வகுத்தேன். என் இல்லாள் இறைவனடி சேர்ந்துவிட்டதால், வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் மணையில் அமர்ந்து தாம்பூலம் மாற்றுவேன். சீர்த்தட்டுகளை ஐந்து சுமங்கலிகள் எடுப்பார்கள். முதல் தட்டு மருமகள் சுகந்தி. மங்கை அதுவரை பின்கட்டில் இருந்து சமையலைப் பார்த்துக்கொள்வாள். இவை நான் விதித்தவை அல்ல, முன்னோர் வகுத்தவை.

மங்கை, "சரிங்கப்பா" என்றாள். குறிப்பறிந்தவள். நாள்தோறும் நான் கோயிலுக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டும் ஓசை கேட்டதும், முன்வாசலில் நின்றாலும் பின்கட்டுக்குப் போய்விடுவாள். கதவின் தாழ் ஒலிக்கும். பிறகே நான் படியிறங்குவேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் நான் வாய் திறந்து சொல்ல நேர்ந்ததில்லை.

வைகாசி 10, சனி

எழுத மனமில்லை. எழுதியே தீருவேன்.

அரையிறுதி, மதுரையில். ஆட்டம் தொடங்கும் முன்பே ஞானவேல் என் நாற்காலி அருகில் வந்து குழைந்தான். "அப்பா, செத்த அக்கட்டால, உள் ரூம்புல படுத்து ரெஸ்ட் எடுக்கறீங்களா?"

"எனக்கென்னப்பா களைப்பு? இங்கதான் காத்து வருது" என்றேன்.

முதல் கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்னடைவு. ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். சபரிநாதன் எளிய பந்து ஒன்றைத் தவறவிட்டான். "ச்சே!" என்றான் மருதாசலம், என் பக்கம் திரும்பி. பந்தைத் தவறவிட்டவன் மதுரையில் இருக்கிறான். பழி கரூரில் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் மேல்!

"நான் இருந்தா உங்களுக்கென்ன?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்க மேல மரியாதை இல்லாம இல்லீங்க. ராசின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

எழுந்து போனேன். அவர்கள் சொன்னதற்காக அல்ல. அவர்கள் முகத்தைக் காணச் சகியாமல். நான் கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் கூரை பிளக்கும் ஆரவாரம். பின்னடைவு கரைந்தது, வென்றுவிட்டார்கள். தெருவில் பட்டாசு. சுகந்தி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. உண்ணவில்லை.

ஐந்தெழுத்தை ஓதாமல் ஒரு பொழுதும் கழித்தறியாத என்னை, ஒரு பந்து வளையத்துக்குள் விழத் தடையாக நிற்கும் பீடை என்கிறார்கள்.

வைகாசி 11, ஞாயிறு

தேநீர்க் கடைக்காரர் கேட்கிறார்: "ஏனுங்கய்யா, பைனல் நம்மூர்லதானுங்களே. அன்னிக்கு எந்த ஊருக்குப் போறீங்க?" பால்காரர் கேட்கிறார். பதிகக் குழுவில் என்னோடு முப்பதாண்டு ஓதியவர், கோயில் மண்டபத்தில் வைத்து, பல் தெரியக் கேட்கிறார்.

அவர் சுருதி சேராமல் ஓதுவதை இதுவரை பொறுத்தேன். இனிப் பொறுக்கமாட்டேன்.

வைகாசி 12, திங்கள்

சினம். வேறெழுத ஒன்றுமில்லை.

வைகாசி 15, வியாழன்

இத்தகைய இழிவு இவ்வூரில் எவருக்கும் நிகழ்ந்திராது.

மாலையில் மருதாசலமும் நால்வரும் வந்தார்கள். கையில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பூவன்பழம், மஞ்சள் பூசிய தேங்காய், மேலே மடித்த காவிநிறச் சால்வை. நிச்சயத்துக்கு யாரோ முன்கூட்டியே சீர் கொண்டுவந்தார்கள் என்றெண்ணி, "வாங்க, உக்காருங்க" என்றேன். மங்கை தண்ணீர் கொண்டுவந்தாள்.

மருதாசலம் தட்டை இரு கையாலும் நீட்டினான். "ஐயா, முறைப்படி கேட்டுக்கறமுங்க. சனிக்கிழமை பைனலுக்கு நீங்க வராம இருக்கோணும். டிவியிலயும் பாக்க வேண்டாமுங்க. பதினோரு வருசமா இந்த ஊருக்குக் கோப்பை வரலீங்க."

வாருங்கள் என்று தாம்பூலம் வைப்பதே நம் வழக்கம். வராதீர்கள் என்று தாம்பூலம் வைக்க எந்நூலில் இடமிருக்கிறது? அதை மஞ்சள் பூசிய தேங்காயோடு செய்ய இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

"ஞானவேலு, உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

என் மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "அவங்க மனசு திருப்திக்குதானுங்கப்பா" என்றான்.

"எந்திரிங்கடா எல்லாரும்!" என்று கத்தினேன். அண்டை வீட்டு நாய் குரைத்தது. மருதாசலம் போகிற போக்கில் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா வாங்கிட்டாரு, வாங்கிட்டாரு" என்று முணுமுணுத்தான். நான் வாங்கவில்லை. இதை இங்கே பதிகிறேன்.

மங்கை வந்து தட்டருகே நின்றாள். "இதை என்னங்கப்பா பண்றது?"

"கொண்டுபோய்க் குப்பையில கொட்டு."

"வெத்தலையக் குப்பையில கொட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவள் குவளைகளை எடுத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "உங்களுக்காச்சும் தாம்பூலம் வெச்சுச் சொன்னாங்கப்பா."

சொல்லிவிட்டுக் கழுவப் போய்விட்டாள். வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர் குடித்தேன்.

வைகாசி 16, வெள்ளி

வாழையிலைக்குச் சொல்லியாயிற்று. பந்தல்காரர் முன்பணம் வாங்கிப் போனார். காலையில் செருப்பை மாட்டினேன்; பின்கட்டுத் தாழ் ஒலித்தது. இன்று அவ்வொலி சற்று உரக்கக் கேட்டதாகத் தோன்றியது. எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.

வைகாசி 17, சனி

ஞானவேல் இப்போட்டித் தொடர் தொடங்கும் முன்பே வீட்டார் அனைவருக்கும் இறுதியாட்ட நுழைவுச்சீட்டு வாங்கிவைத்திருந்தான். நிச்சயத்துக்கு முதல்நாள் பெண் வெளியே செல்லலாகாது என்பதால் தாரணி போகவில்லை. அவளுக்குத் துணையாகச் சுகந்தியும் தங்கினாள். ஞானவேல் தன் கூட்டத்தோடு பிற்பகலே போய்விட்டான். என் சீட்டு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மற்றச் சீட்டுகளோடு கிடந்தது. அதை எவரும் எனக்கு நீட்டவில்லை.

வெளுத்த வேட்டியை உடுத்தேன், நீறிட்டேன், என் சீட்டை எடுத்தேன். அவர்கள் என்னைக் கண்டு அஞ்சுவார்களாயின் நன்றாக அஞ்சட்டும். முன்வாசலில் செருப்பை மாட்டினேன்.

பின்கட்டில் தாழ் ஒலித்தது.

படியில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்றேன். பிறகு, "மங்கை, முன்னால வாம்மா" என்று அழைத்தேன்.

மீண்டும் அழைத்தேன். மாவு படிந்த கையோடு கதவிடுக்கில் தலை நீட்டினாள். "ஏனுங்கப்பா, எதாச்சும் மறந்துட்டீங்களா?"

"முட்டி வலிக்குது. அங்க படி அதிகம். உன் சீட்டை எடுத்துட்டு நீயும் கூட வா."

முழங்கால் வலித்தது உண்மை.

உள்ளரங்கில் இடம் மேல் வரிசையில். முதல் பாதியில் வேங்கைகள் பதினாறு புள்ளி பின்னடைவு. தூத்துக்குடிக்காரர்கள் மீண்டும் சபரிநாதனின் வலப்பக்கத்தை அடைத்தார்கள். நான்கு வரிசைக்குக் கீழே இருந்த மருதாசலம் தலையைச் சொறிந்தபடி திரும்பினான். என்னைக் கண்டான். அவன் முகம் வெளிறியதை நான் அனுபவித்தேன், மறைப்பானேன்?

"டேய், ஐயா வந்திருக்காரு டோய்!"

அந்தப் பகுதி முழுதும் திரும்பியது. முதலில் கெஞ்சல். "ஐயா, எந்திரிச்சுருங்க ஐயா!" பிறகு கைதட்டல், தாளத்தோடு. "எந்திரி! எந்திரி!" கீழே ஆட்டம் நடக்கிறது, இவர்கள் முதுகைக் காட்டி என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒருவன் காகித உருண்டை வீசினான். என் மகன் மட்டும் திரும்பவில்லை, களத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழவில்லை. இருக்கையின் விளிம்பை இரு கையாலும் பற்றிக்கொண்டேன்.

எழுந்தவள் மங்கை. இவ்வீட்டில் குரல் உயர்த்தியறியாதவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எதுக்கு எந்திரிக்கோணும்? காசு குடுத்து வாங்கின சீட்டு, எங்கப்பா உக்காந்துதான் இருப்பாரு! ஏனுங்க மருதாசலம், அந்தப் பையனுக்கு எடது கை இருக்குதா இல்லியா? அதக் கேளுங்க கோச்சுக்கிட்ட! ஒரு மனுசன் ஓரமா உக்காந்திருக்கிறதுனால கெட்டுப்போற காரியம்னா, அது என்ன காரியமுங்க? கெட்டுத் தொலையட்டும்! ஒதுங்கு, ஒதுங்குன்னு எத்தனை காலத்துக்குச் சொல்லுவீங்க?"

அவள் அதை மருதாசலத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் களத்தைப் பார்த்தேன்.

கைதட்டல் நின்றது. "அக்கா செரியாத்தான சொல்லுது, உக்காருங்கடா, மறைக்குது" என்று எவனோ சொன்னான். இடக்கையைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தேன். பிறகு நினைவு வந்தது: கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு, ஆட்டம் நடந்த நாள்களிலெல்லாம் அது ஒருக்களித்தே இருந்தது.

கடைசிக் கால்பகுதியில் சபரிநாதன் மாறினான். அவனை யார் மாற்றினார்களோ அறியேன். இடப்பக்கம் புகுந்தான், ஒன்று, மற்றொன்று, மீண்டும் ஒன்று. புள்ளிகள் சமமாயின. இறுதி மணிக்குச் சற்று முன் அவன் இடக்கையால் எறிந்த பந்து பலகையில் பட்டு வளையத்தின் விளிம்பில் சுழன்று, அரங்கின் மூச்சையெல்லாம் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே விழுந்தது.

பிறகு நடந்ததைச் சொல்லச் சொற்கள் போதா. தாரை தப்பட்டை, காவித்தூள், முன்பின் அறியாதவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர். கட்டைமீசைக் காவலர் ஒருவர் தொப்பியை மேலே எறிந்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நானும் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

மருதாசலம் வரிசைகளைத் தாண்டி ஏறிவந்தான். கண்ணீர் வழிந்தது. வெட்கம் கொஞ்சமாவது இருக்குமென்று எண்ணினேன். "ஐயா! நீங்க அக்காவக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதானுங்க ராசி! அக்கா, உங்க கை ராசியான கைங்க! அடுத்த வருசம் எல்லா மேட்ச்சுக்கும் நீங்க வந்தாகோணும்!" தன் கழுத்துத் துண்டை அவள் தோளில் போடப் போனான்.

மங்கை அதைத் தடுத்தாள். "ராசியுமில்ல, மண்ணுமில்லீங்க. அந்தப் பையன் எடது கையில போட்டான், விழுந்துச்சு. அவன் வீட்டுக்குப் போயித் துண்டைப் போடுங்க."

நேற்றுவரை பீடை, இன்று பேறு. இவர்களுடைய பழிப்பைவிட இவர்களுடைய புகழ்ச்சியே எனக்கு மிகுந்த சினமூட்டியது.

வாடகைத் தானி எதுவும் கிடைக்கவில்லை; நடந்தே வந்தோம். தெருவெங்கும் இருசக்கர வண்டிகளின் ஒலிப்பான். பாலத்தருகில் மங்கை கேட்டாள், கோபமாக அல்ல, கடையில் விலை கேட்பதுபோல:

"அம்மா போன பொறவு நீங்க எந்தப் பின்கட்டுக்குங்கப்பா போனீங்க?"

இரைச்சல் அதிகம். காதில் விழாதவனாக நடந்தேன்.

வைகாசி 18, ஞாயிறு

நிச்சயதாம்பூலம் இனிதே முடிந்தது என்று எழுதுவதற்கில்லை. முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. வெற்றிலைத் தட்டைத் தூக்கி அடுக்களைக்குக் கொண்டுபோனேன். மங்கை வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவு. முதல் தட்டு நீ எடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் என் தமக்கை காமாட்சி நடுவில் வந்துவிட்டாள். "தம்பி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நல்ல காரியத்துல இவ முன்னால வர்றதாவது! நீதானே சொன்ன, சுகந்தி எடுக்கோணும்னு?"

"நான்தானுங்க சொன்னேன்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? சகுனம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

ராசின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. அதே குழைவு. அதே இரக்கம் கலந்த முகம். மிடற்றில் நின்றிருந்தது நாவுக்கு ஏறிவிட்டது.

"அக்கா, இவ புருசன் போயிட்டான். என் பொண்டாட்டியும் போயிட்டா. நான் மணையில உக்காரலாம், பெத்தவ தட்டெடுக்கக் கூடாதா? அப்படின்னா ரெண்டு பேருமே பின்கட்டுல இருந்துக்கறோம். வாசல்ல நிக்கறவங்களுக்கு நீங்களே போய்ப் பதில் சொல்லிக்கங்க!"

நான் அடுக்களை முக்காலியில் அமர்ந்தும்விட்டேன். வேட்டியில் மாவு ஒட்டியது. ஞானவேல் ஓடிவந்து, "அப்பா, எந்திரிங்கப்பா, வந்துட்டாங்க" என்றான்.

"நேத்து அரங்கம் பூராவும் எந்திரி எந்திரின்னாங்க. எந்திரிச்சனா?"

அவன் தலை குனிந்தான்.

தாரணி அலங்காரத்தோடு அடுக்களை வாசற்படியில் நின்றாள். "அம்மா எடுக்காத தட்டு எனக்கு வேண்டாமுங்க" என்று அவள் சொன்னபிறகுதான் காமாட்சி அக்கா வழிவிட்டாள். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே.

மங்கை கையைக் கழுவினாள், ஈரத்தைத் தலைப்பில் துடைத்தாள், தட்டை வாங்கினாள். அவள் முகத்தில் நன்றியைக் காணவில்லை. நான் தேடவுமில்லை. முன்னே நடந்தாள். தட்டின் நடுவே மஞ்சள் பூசிய தேங்காய் ஒன்று இருந்தது. மருதாசலம் கொண்டுவந்தது அது. வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

சம்பந்தி அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "நேத்து மேட்ச் பாத்தீங்களாங்க?"

வைகாசி 19, திங்கள்

பந்தல் பிரித்தார்கள். வாடகைப் பாத்திரங்களில் கரண்டி ஒன்று குறைவு. ஊர் இன்னும் உறங்கவில்லை. திறந்த வண்டியில் கோப்பையை வைத்து ஊர்வலம் விடுகிறார்கள். என் சினம் ஆறவில்லை. எவர்மேல் என்று எழுதப்போவதுமில்லை.

காலையில் கோயிலுக்குப் புறப்பட்டேன். மங்கை முன்வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டினேன். வழக்கத்தைவிட ஓசை படவே மாட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. தாழின் ஒலிக்காகக் காது காத்திருந்தது.

அவள் நிமிரவில்லை, நகரவுமில்லை. புள்ளியிலிருந்து புள்ளிக்கு இழையை இழுத்துக்கொண்டிருந்தாள். கோலத்தை மிதிக்காமல் நான்தான் ஓரமாக ஒதுங்கி நடந்தேன்.

இக்குறிப்பை என்றேனும் கையில் எடுக்கும் அன்பரே, நீர் எவராயினும் நீடு வாழ்க. உம் மனையில் அடுப்பு அணையாதிருக்க, விளக்கு மங்காதிருக்க, உம் பிள்ளைகள் நினைத்த நன்மையெல்லாம் நிறைவேறுக. உம் வீட்டில் செருப்போசை கேட்டு எவரும் பின்கட்டுக்கு ஏகும் நிலை என்றும் வாராதிருக்க மிடற்றில் நஞ்சுடையான் அருள்க.